தாய்லாந்து, 19 மார்ச் 1945: அமெரிக்க விமானப்படை வரலாற்றாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலபாமா மாநிலம், மேக்ஸ்வெல் தளத்தில் இயங்கும் விமானப்படை வரலாற்று ஆய்வு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் படியைத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம், நான் கேட்கப்போகும் விஷயத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் சார்பாக என்ன கேட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைப்பிரிவான 7-வது குண்டுவீச்சு குரூப் இந்தியாவில் இருந்த காலத்துப் பதிவுகள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றில், ஜப்பானியர் கட்டாய வேலையில் ஆள் வைத்துப் போட்ட சயாம்-பர்மா (சயாம் இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை மீது நடந்த தாக்குதல்களின் அறிக்கைகளைத் தனியே பிரித்து, ஊர்ப் பெயரையும் தேதியையும் வைத்து யாரும் தேடக்கூடியபடி வெளியிட வேண்டும். அந்தக் குரூப்பின் சுருக்க வரலாற்றில், பாதையில் வேலை செய்தவர்கள் யார் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன், ஏன் அந்தக் குரூப்பைச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான மடல்.

உங்கள் வேலை மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 1942-இல் வாஷிங்டனில் சேர்க்கத் தொடங்கி, 1949-இல் மேக்ஸ்வெலுக்குக் கொண்டுவந்த காகிதங்களை வைத்துக்கொண்டு நீங்கள் நடத்துவது ஒரு வினோதமான பேரேடு. அதில் படைப்பிரிவுகளுக்குச் சாவு கிடையாது. ஒரு ஸ்குவாட்ரன் (சில விமானங்கள் கொண்ட சிறு பிரிவு; சில ஸ்குவாட்ரன் சேர்ந்தால் குரூப், அதற்கு மேலே விங்) முதலில் காகிதத்தில் பிறக்கிறது. பிறகு ஒரு நாள் ஆளும் தளவாடமும் கொடுத்து அதை எழுப்புகிறார்கள். வேலை முடிந்ததும் ஆட்களை வேறிடம் மாற்றிவிட்டுக் கொடியைச் சுருட்டி வைக்கிறார்கள். எண் மட்டும் பேரேட்டில் காத்திருக்கும். இருபது வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறு விமானத்தோடு, பழைய ஆள் ஒருவர்கூட இல்லாமல் அதே எண் திரும்ப எழுந்து நிற்கும். முன்பு வாங்கிய விருதெல்லாம் அதற்கே சொந்தம்.

லூசியானாவில் பார்க்ஸ்டேல் தளத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வைத்திருக்கும் 2-வது விங்கை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ் 11, 20, 96 என்று மூன்று ஸ்குவாட்ரன்கள். மூன்றும் 1918-இல் பிரான்சில் 1-வது பகல் குண்டுவீச்சு குரூப்பில் ஒன்றாக இருந்தவை. 96-வது ஸ்குவாட்ரன்தான் 1918 ஜூன் 12-இல், பிரெஞ்சுக்காரர்களின் ப்ரெகே விமானங்களில் கிளம்பிப்போய் தோமரி-பாரோங்கூர் ரயில் நிலையத்தின் மீது குண்டு போட்டது. அமெரிக்கப் பகல் குண்டுவீச்சு ஸ்குவாட்ரனின் முதல் தாக்குதல் அது. ஒரு மாதம்கூட முடியவில்லை, ஜூலை 10-இல் அதன் தலைவர் மேஜர் ஹாரி பிரவுன் மேகத்துக்குள் வழி தெரியாமல் ஆறு விமானங்களையும் ஜெர்மனிக்காரர்கள் கையில், கோப்லென்ஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். “விமானங்களுக்கு நன்றி, மேஜரை என்ன செய்வது?” என்று ஜெர்மானியர்கள் சேதி போட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கதையை விடுங்கள், ஆறு விமானம் போனது நிஜம். அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே உங்கள் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கலாம் என்ற துணிச்சல் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்காரர்களுக்கு வீடு என்றால் அது குரூப்தான். இங்கிலாந்திலிருந்த 8-வது விமானப்படையில் கனரக குரூப் ஒன்றுக்கு நான்கு ஸ்குவாட்ரன். இரண்டு மூன்று குரூப் சேர்ந்தால் ஒரு போர் விங். விங்குகளுக்கு மேல் மூன்று டிவிஷன்கள். டிவிஷன் எது என்று வானத்தில் பார்த்ததும் தெரிய வாலில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று அடையாளம். அதற்குள் குரூப்புக்கு ஓர் எழுத்து. மேலிடத்துக் கட்டளை இரவில் டெலிபிரிண்டரில் டிவிஷனிலிருந்து விங்குக்கும் விங்கிலிருந்து குரூப்புக்கும் இறங்கி வரும். எத்தனை விமானம், எந்த உயரம், எந்த இடத்தில் யாரோடு சேர வேண்டும் என்றெல்லாம் குரூப் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிப்பதற்குள் விடிகாலை ஆகிவிடும். விங்கும் டிவிஷனும் சாதாரண வீரனுக்குப் பலகையில் இருக்கும் பெயர்கள். அவன் சாப்பிட்டது, தூங்கியது, திரும்பி வராதவர்களின் கட்டிலைப் பார்த்தது எல்லாம் குரூப்பின் ஓடுதளத்தைச் சுற்றித்தான்.

தோர்ப் அபட்ஸில் இருந்த 100-வது குரூப்பை ஆங்கிலம் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். 1943 அக்டோபர் 10-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரை நோக்கிப் போன அதன் 13 விமானங்களில் 12 திரும்பவில்லை. ராபர்ட் ரோசந்தால் ஓட்டிய ஒன்று மட்டும் தரையிறங்கியது. அந்தக் குரூப்பின் அடையாளம் சதுரத்துக்குள் டி. இன்று இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் 100-வது விங் இருக்கிறது. குண்டு போடுவதில்லை, வானத்தில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊற்றுகிறது. ஆனாலும் அதன் கேசி-135 வால்களில் அந்தச் சதுர டி-யை வைத்துக்கொள்ள அனுமதித்திருக்கிறீர்கள். போர்க்காலத்து வால் குறியை இப்படிச் சுமக்க வேறெந்த விங்குக்கும் அனுமதி இல்லை. பெட்ரோல் ஊற்றும் விமானத்தின் வாலில் மியூன்ஸ்டர் இருக்கிறது. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஞாபகத்தை இப்படி ஒரு துண்டுத் தகரத்தில் ஒட்டிக் காப்பாற்றுவது பெரிய காரியம்.

1947-க்குப் பிறகு கதை சிக்கலாகிறது. போர்க்காலத்தில் ஒரு தளத்தில் குரூப் தலைவர் பறப்பதற்குப் பொறுப்பு. சமையல், கிடங்கு, மருத்துவம், காவல் எல்லாம் வேறொருவர் கையில். தளத்தின் தலைவர் விமானமே ஓட்டாதவராகவும் இருப்பார், பறப்பவர்களுக்கு மேலதிகாரியாகவும் இருப்பார். போருக்குப் போகிறவனுக்குத் தளத்துக்காரன் மேலதிகாரியாக இருப்பது ஆகாது என்பது அன்றைய விமானப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் ஸ்பாட்ஸின் வாதம். கர்னல் ஹாப்சன் பெயரால் வழங்கும் திட்டத்தின்படி, குரூப்புக்கு மேலே அதே எண்ணில் ஒரு விங்கை வைத்தார்கள். தளத்திலிருக்கும் எல்லாரும் விங் தலைவரின் கீழ். 7-வது குரூப்புக்கு மேலே 7-வது விங் 1947 நவம்பர் 17-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் அப்படித்தான் வந்தது. சில வருஷத்திலேயே நடுவில் குரூப் எதற்கு என்ற எண்ணம் வந்துவிட்டது. 1952 ஜூன் 16-இல் 7-வது குரூப்பின் கொடியைச் சுருட்டிவிட்டார்கள். ஸ்குவாட்ரன்கள் நேரே விங்குக்குக் கீழே போயின.

சட்டப்படி பார்த்தால், 1947-இல் பிறந்த விங்குக்கு 1942-இன் பர்மாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜாவாவிலும் பர்மாவிலும் பறந்தது குரூப். அதன் விருதுகளை விங்கின் கொடியில் கட்டிக்கொள்ள நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள். அதுவும் எப்படி? இது உனக்குப் பிறந்த சொத்து அல்ல, கட்டிக்கொள்ளலாம் என்று வரம்பு போட்டு. நிலத்துக்கு மூலப்பத்திரம் பார்ப்பவரின் கண்ணோடு நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள். 1991 செப்டம்பர் 1-இல் குரூப் மறுபடி எழுந்தது. 7-வது ஆபரேஷன்ஸ் குரூப் என்று பெயர் மாற்றி, விங்குக்குக் கீழேயே, ஆனால் பறக்கும் ஸ்குவாட்ரன்களுக்கு மேலே பழைய இடத்தில் உட்கார்ந்தது. நாற்பது வருஷம் சுருட்டிக் கிடந்த கொடியில் ஒரு விருதுப் பட்டைகூடக் குறையவில்லை.

அணுகுண்டு விமானங்களை வைத்திருந்த மூலோபாய விமானக் கட்டளை இன்னொரு வகையில் இந்த மரபை வெட்டிப் போட்டது. ஐம்பதுகளின் கடைசியில், சோவியத் தாக்குதலில் எல்லா விமானமும் ஒரே இடத்தில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதென்று பி-52களைப் பல தளங்களுக்குப் பிரித்தார்கள். புதிய தளங்களுக்கு நாலு இலக்க எண் கொடுத்தார்கள். கட்டளைத் தலைமையகம் தானே உண்டாக்கி, தானே கலைக்கக்கூடிய விங்குகள் அவை. கலைத்தால் அதோடு சரி, வரலாறு அடுத்தவருக்குப் போகாது. பிறகு அவர்களுக்கே மனது கேட்கவில்லை போலும். 1963 பிப்ரவரி 1-இல் ஓஹையோவின் ரைட்-பேட்டர்சனில் 4043 என்ற விங் போய், அதே இடத்தில், அதே விமானங்களோடு 17-வது விங் வந்தது. 17 என்பது சாதாரண எண்ணா? 1942 ஏப்ரல் 18-இல் ஹார்னெட் கப்பலிலிருந்து 16 பி-25 டோக்கியோவுக்குப் போனபோது, அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டூலிட்டிலோடு போன விமானிகள் அந்த 17-வது குரூப்பிலிருந்து வந்தவர்கள். 4043-இல் மூன்று வருஷம் வேலை செய்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவர்கள் காவல் காத்த இரவுகள் எந்த எண்ணிலும் ஏறவில்லை.

தேதிகளைக்கூட நீங்கள் விட்டுவைப்பதில்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போட்ட 509-வது குரூப், பால் டிபெட்ஸ் தலைமையில் யூட்டாவின் வெண்டோவரில் எழுப்பப்பட்டது 1944 டிசம்பர் 17-இல். மிசூரியில் வைட்மன் தளத்துக்கு முதல் பி-2 விமானம் 1993 டிசம்பர் 17-இல் வந்திறங்கியது, 509-வது விங்குக்கு. தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி 7-க்கு வருகிறேன்.

1941 டிசம்பர் 7 காலையில் பேர்ல் ஹார்பர் எரிந்துகொண்டிருக்கும்போது கலிபோர்னியாவிலிருந்து சுடத் துப்பாக்கி தயாரில்லாமல் வந்து சேர்ந்த பி-17களில் இந்தக் குரூப்போடு சேர்ந்தவையும் இருந்தன. அடுத்து ஜாவா. அங்கே 1942 ஜனவரி முதல் மார்ச் வரை தோற்றுக்கொண்டே போரிட்டதற்கு முதல் விருது. பிறகு இந்தியா. கராச்சியில் இறங்கி, கடைசியில் வங்காளத்தில் ரயில் பாதையோரம் இருக்கும் பாண்டவேஸ்வரில் நிலைகொண்டது. 9, 436, 492, 493 என்று நான்கு ஸ்குவாட்ரன். பி-24 லிபரேட்டர். ரங்கூன் துறைமுகம், பர்மாவின் ரயில் நிலையங்கள், பாலங்கள். நடுவில் சில மாதம் குண்டை இறக்கி வைத்துவிட்டு, இமயத்தைத் தாண்டி சீனாவுக்குப் பெட்ரோல் சுமந்தார்கள். 9-வது ஸ்குவாட்ரன் 1917-இல் பிறந்தது. முதல் உலகப் போரில் இரவு வேவு பார்த்தது. இன்று டெக்சாஸின் டைஸ் தளத்தில் பி-1 ஓட்டுகிறது.

இங்கே அதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். கராச்சியில் 1942 செப்டம்பரில் எழுப்பிய 341-வது குரூப்பின் 490-வது ஸ்குவாட்ரன், பி-25 வைத்திருந்தது. பாலம் உடைப்பதுதான் அதன் வேலை. மேலிருந்து போட்டால் பாலத்தில் படாது, தாழ்ந்து போட்டால் குண்டு தரையில் வழுக்கித் துள்ளிப் பாலத்தைத் தாண்டிவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் சரிவரவில்லை. 1944 ஜனவரி முதல் தேதி மூ ஆற்றுப் பாலத்தை நோக்கித் தாழ்ந்து போன மேஜர் ராபர்ட் எர்டினுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் வந்தது. மூக்கை வெடுக்கென்று தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் குண்டுகளும் விடுபட்டன. திரும்பிப் பார்த்தால் பாலத்தின் இரண்டு கண்கள் ஆற்றில் கிடக்கின்றன. மேலேறும்போது குண்டைவிட்டால் அது சாய்ந்து பாலத்தில் குத்தி நிற்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பர்மாப் பாலம் உடைப்பவர்கள் என்ற பெயரே அந்த ஸ்குவாட்ரனுக்கு வந்துவிட்டது. இன்று 490, மொன்டானாவில் மால்ம்ஸ்ட்ராம் தளத்தில் கோதுமை வயல்களுக்கு அடியில் மினிட்மேன் அணு ஏவுகணைகளைக் காவல் காக்கிறது. மூ ஆற்று மரத்துக்கும் அந்தக் குழிக்கும் இடையில் அறுந்துவிடாத ஒரு சரடு இருப்பது உங்கள் பேரேட்டினால்தான்.

7-வது குரூப்பும் பாலத்தோடு மல்லுக்கட்டியது. 1944 டிசம்பர் கடைசியில் அதன் 493-வது ஸ்குவாட்ரன் ஏசான் என்ற குண்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. குண்டின் வாலில் ஒரு தீப்பொறி விளக்கு. மேலே விமானத்தில் இருப்பவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வானொலியால் குண்டை இடம், வலம் திருப்பலாம். முன்னேயோ பின்னேயோ தள்ள முடியாது. நீளமாகவும் ஒடுக்கமாகவும் கிடக்கும் பாலத்துக்கு அது போதும். இன்றைய வழிகாட்டிக் குண்டுகளின் பாட்டன் என்று இதைப் பற்றி எழுதுகிறார்கள், எழுதட்டும்.

1945 மார்ச் 19-இல் இந்தக் குரூப் வங்காளத்திலிருந்து கிளம்பி, தாய்லாந்துக்குள் வெகுதூரம் போய் ரயில் பாதையையும் பாலங்களையும் தாக்கியது. அதற்குத்தான் இரண்டாவது விருது. கொடியில் கட்டும் பட்டையில் இருப்பது ஊரும் தேதியும் மட்டும்: தாய்லாந்து, 19 மார்ச் 1945. அன்றைய இலக்கு சயாம்-பர்மா பாதை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதையும் இவர்களுடைய இலக்குப் பட்டியலில் இருந்தது. 1943-இலிருந்து 1945 வரை இவர்களும் பிரிட்டிஷ் லிபரேட்டர்களும் மாறி மாறி அதன் பாலங்களையும் நிலையங்களையும் அடித்தார்கள்.

அந்தப் பாதையில் யார் இருந்தார்கள் என்பது உங்கள் ஏடுகளில் அரிதாகவே வருகிறது. வந்தாலும் போர்க் கைதிகள் என்று வரும். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்புயூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனையும் சேர்ந்தன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலும் தான்புயூசயாட்டிலும் வரிசை வரிசையாகக் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர். ஆசியக் கூலிகள் அதைப்போல மூன்று மடங்கு இருந்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். இறந்தவர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறையும் இல்லை, பட்டியலும் இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் பால் வெட்டு நின்று தோட்டத்தில் பட்டினி. நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர் யாரும் வராததால் அடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். குடும்பத்தில் அவரைப் பற்றி இருக்கும் தகவல் மொத்தமும், சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவர் சொன்ன ஒரே வாக்கியம்: “ரயில் போட்டு முடிஞ்ச பின்னாலயும் இருந்தான், பாலத்துக்குப் பக்கத்துலதான் இருந்தான்.” எந்தப் பாலம், எந்த மாதம், ஒன்றும் தெரியாது. அவருக்குத் திதி கொடுக்கும் நாளைப் பாட்டி தானாகவே ஒரு நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

பாதை முடிந்த பிறகு இருந்தவர்களின் நிலைதான் உங்கள் ஆவணங்களோடு நேராக இடிக்கிறது. ரயில் ஓடத் தொடங்கியதும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. விறகு வெட்ட, மண் சரிந்தால் அள்ள, குண்டு விழுந்தால் பாலத்தைத் திரும்பக் கட்ட ஆயிரக்கணக்கானவர்களை அங்கேயே வைத்திருந்தார்கள். முகாம்கள் பாதைக்கும் பாலத்துக்கும் ஒட்டியே இருந்தன. 1943 ஜூனிலேயே தான்புயூசயாட்டில் நேச நாட்டுக் குண்டுகள் விழுந்து போர்க் கைதிகள் செத்தார்கள். 1944 செப்டம்பரில் நோங் பிளாடுக்கிலும் அதே கதை. கைதிகள் தங்கள் பக்கத்துக் குண்டில் எப்படிச் செத்தார்கள் என்பது நினைவுக் குறிப்புகளிலும் பதிவுகளிலும் நாள், மணியோடு இருக்கிறது. பக்கத்துக் கொட்டகையில் இருந்த கூலிகள் பற்றி ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்கக்கூடிய ஒரே இடம் வானத்திலிருந்து பார்த்தவர்களின் காகிதம்.

அந்தக் காகிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை போய் வந்ததும் குரூப் ஓர் அறிக்கை எழுதும். எத்தனை விமானம் கிளம்பியது, எத்தனை இலக்கை அடைந்தது, எந்த மணிக்கு, எந்த உயரத்தில், என்ன குண்டு, எங்கே விழுந்தது, வானிலை எப்படி, தரையில் என்ன கண்டார்கள். பாதையோரம் கொட்டகைகள், புதுச் சாலை, தோணிகள், ஆள் நடமாட்டம் என்றெல்லாம் இருக்கும். போர் வெற்றிக்காக எழுதியது, ஆனால் எங்களுக்கு அது வேறு வகையில் உதவும். இன்ன தேதியில் இன்ன பாலத்தருகே கொட்டகைகள் இருந்தன, அதே வாரத்தில் குண்டு விழுந்தது என்று தெரிந்தால், வீட்டு ஞாபகங்களோடு பொருத்திப் பார்க்க முடியும். எங்கள் தோட்டங்களில் இந்தத் தலைமுறையோடு அந்த ஞாபகமும் போய்விடும். இப்போது கேட்டால்தான் உண்டு.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். எல்லாம் நுண்படச் சுருளில் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் படி தருகிறோம் என்பீர்கள். உண்மை. ஆனால் அந்த எண்ணை யார் சொல்வது? எந்த மாதம் என்றே தெரியாத குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான பக்கங்களைச் சுருளாகக் கொடுத்தால், கடலைக் காட்டி இதில்தான் இருக்கிறது என்று சொன்ன கணக்கு. அதிலும் ஊர்ப் பெயர்கள் அன்றைய ராணுவ வரைபடத்து எழுத்தில் இருக்கும். பர்மிய, தாய்ப் பெயர்களை ஒவ்வொரு எழுத்தர் ஒவ்வொரு மாதிரி தட்டச்சு செய்திருப்பார்.

படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில், காலேஜ் பார்க்கில் இருக்கின்றன, அது எங்கள் பொறுப்பல்ல என்றும் சொல்லலாம். படங்களை நான் கேட்கவில்லை. எந்த அறிக்கைக்கு எந்தப் படம் என்று ஓரத்தில் குறித்தால், அங்கே போய்க் கேட்டுக்கொள்வோம்.

மூன்றாவது பதில்தான் எனக்கு உவப்பில்லாதது. படைப்பிரிவின் வரலாறு என்றால் படைப்பிரிவின் வரலாறு மட்டும், தரையில் இருந்தவர்கள் அதில் வர மாட்டார்கள் என்பது. இதற்கு நீங்களே பதில் சொல்லியிருக்கிறீர்கள். கோப்லென்ஸ் மேஜரை வைத்திருக்கிறீர்கள். மியூன்ஸ்டரில் திரும்பாத 12 விமானங்களின் வாலை எரிபொருள் விமானத்தில் வரைந்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் ஒரு தாக்குதல் என்பது வெறும் விருது அல்ல. அப்படியானால் குண்டு விழுந்த பாலத்தில் யார் மண் சுமந்தார்கள் என்பது ஒரு வரிக்குக்கூடத் தேறாதா?

இடப் பட்டியலிலும் இதே குறை உண்டு. குரூப்பின் கொடி எங்கே இருந்ததோ அதையே தளம் என்று எழுதுகிறீர்கள். இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்துச் சீனன்குடா இதற்கு நல்ல உதாரணம். 1944 ஆகஸ்ட் 10-இல், 20-வது குண்டுவீச்சுக் கட்டளையின் பி-29கள் 54 அங்கிருந்துதான் சுமத்திராவின் பலெம்பாங்குக்குக் கிளம்பின. போக வர 19 மணி நேரத்தைத் தொடும் பறப்பு. சில எண்ணெய் ஆலையைத் தாக்கின, சில மூசி ஆற்றில் கண்ணி போட்டன. ஒன்று திரும்பும் வழியில் கடலில் இறங்கியது. போன குரூப்புகளின் தள வரிசையில் கரக்பூர் போன்ற இந்தியத் தளங்கள் இருக்கும், சீனன்குடா இருக்காது. ஏனென்றால் கொடி இந்தியாவில் இருந்தது. விதிப்படி சரிதான். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் ஊரின் ஓடுதளத்தைத் தேடி உங்கள் தள வரிசைக்கு வந்தால் வெறுங்கையோடு போவார். சயாம் பாதையும் அப்படித்தான், கொடி அங்கே போகவில்லை, குண்டு போனது.

நான் கேட்பது புதிய ஆராய்ச்சி இல்லை. உங்களிடம் இருக்கும் 7-வது குரூப்பின் 1943 தொடக்கம் முதல் 1945 நடுவரையான மாத வரலாறுகளையும் பறப்பு அறிக்கைகளையும் எடுத்து, இலக்கு சயாம்-பர்மா பாதையில் வரும் பக்கங்களுக்கு மட்டும் ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் தேதி, அறிக்கையில் உள்ள ஊர்ப் பெயர், இன்றைய பெயர். இன்றைய பெயரைக் கண்டுபிடிக்கும் வேலையை நாங்களே செய்து தருகிறோம். தாய் மொழியும் தெரிந்த, பாதையை நடந்து பார்த்த ஆட்கள் மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனம் இருக்கும் சாலைக்கே சீனாவில் போரிட்ட அமெரிக்க விமானத் தளபதி செனால்டின் பெயர். அந்தத் திசையில் நடந்தவை உங்களுக்கு அந்நியமானவை அல்ல.

சுருக்க வரலாற்றில் சேர்க்கும்படி நான் கேட்ட வரியையும் இங்கேயே எழுதித் தருகிறேன். திருத்திக்கொள்ளலாம்: “இந்தக் குரூப் தாக்கிய சயாம்-பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகளோடு, மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களும் கட்டாய வேலையில் இருந்தனர்.” இதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பாலத்தை உடைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாதை ஓடியவரை பர்மாவில் ஜப்பானியப் படைக்குச் சோறும் தோட்டாவும் போய்க்கொண்டே இருந்தன. அது நின்றதால் எங்கள் ஆட்களில் சிலர் உயிரோடு திரும்பியிருக்கவும் கூடும்.

டைஸ் தளத்தில் இருக்கும் 9-வது ஸ்குவாட்ரனுக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறேன். அங்கே இன்று விமானம் ஓட்டுபவர்களின் தாத்தாக்களில் யாராவது பாண்டவேஸ்வரில் இருந்து, ஒரு நாட்குறிப்போ சொந்தமாக எடுத்த படமோ வைத்துவிட்டுப் போயிருந்தால், அதை மேக்ஸ்வெலுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு நேராக அனுப்ப வேண்டாம். உங்களிடம் இருந்தால்தான் பத்திரம்.

உங்களிடமிருந்து பதில் வந்தால், முடியாது என்று வந்தாலும், அதைத் தமிழில் இங்கேயே வெளியிடுவேன். பட்டியலில் முதல் பக்கமாக எதை எடுப்பது என்று கேட்டீர்களானால், 1944 நவம்பரிலிருந்து 1945 பிப்ரவரி வரை காஞ்சனபுரிக்கு அருகே தாமார்க்கான் பாலம். திரும்பி வந்தவர் சொன்ன பாலம் அதுவாக இருக்கலாம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ அந்த நான்கு மாதத்து அறிக்கைகள் போதும்.

இப்படிக்கு,
பேராக்கிலிருந்து ஒரு வாசகன்